பிரிவு 47-ஐ மனுவின் முதல் வரியில் வைக்காதீர்கள்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என் அப்பா காலத்துப் பள்ளி. அதன் பக்கத்தில் போன வருடம் டாஸ்மாக் கடை வந்தது. பள்ளி வாசலில் நின்றால் கடை போர்டு தெரியும். நூறு மீட்டர்கூட இருக்காது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி இரண்டு பக்கத்துக்கு மனு எழுதி, கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். ‘மேற்படி பிரிவு வழிகாட்டு நெறியே, நீதிமன்றத்தால் அமல்படுத்தத் தக்கதல்ல, மது விற்பனை அரசின் கொள்கை முடிவு’ என்று மூன்று வரியில் பதில் வந்தது. ஊர் இளைஞர்கள் கடையை அடித்து நொறுக்கிவிடலாம் என்கிறார்கள். நான் பேசித் தடுத்து வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில், எட்டாவது படிக்கும் என் பேத்தியின் பள்ளியில் நவம்பர் 26 அன்று குடிமக்களின் பதினொரு அடிப்படைக் கடமைகளையும் ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, ‘தாத்தா, நாம கடமையைச் செய்யலேன்னா தப்பு, கவர்ன்மென்ட் செய்யலேன்னா மட்டும் கேஸ் போட முடியாதா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வழக்குப் போட முடியுமா, முடியாதா? பேத்திக்கு என்ன சொல்வது?

பதில்:

ஐயா, உங்களுக்கு வந்த பதிலின் முதல் இரண்டு வரிகள் சரி. 47-ஆவது பிரிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும், மதுவிலக்கைக் கொண்டுவா என்று அரசுக்கு உத்தரவு வாங்க முடியாது. மூன்றாவது வரியில்தான் கோளாறு. மதுவை விற்பதா வேண்டாமா என்பது கொள்கை முடிவு. பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மீட்டர் தள்ளி விற்பது என்பது கொள்கை அல்ல, விதி. நீங்கள் மனுவில் விதியைக் கேட்கவில்லை, கொள்கையைக் கேட்டீர்கள். அவர்களும் சௌகரியமாகக் கொள்கைக்கே பதில் எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

விதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வழிகாட்டு நெறி என்றால் பல்லில்லாத பாம்பு என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. உங்களுக்கும் அது வந்துவிடக் கூடாது என்பதால் முதலில் அதைப் பேசிவிடலாம்.

அரசியலமைப்பின் நான்காம் பகுதி, 36 முதல் 51 வரையிலான பிரிவுகள், அரசுக்கான வழிகாட்டு நெறிகள். 37-ஆவது பிரிவுதான் அவற்றின் சாவி. இவற்றை எந்த நீதிமன்றமும் அமல்படுத்த முடியாது என்று அது தொடங்குகிறது. ஆனாலும் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படையானவை, சட்டம் இயற்றும்போது இவற்றைப் பின்பற்றுவது அரசின் கடமை என்று முடிகிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டுப் பேனாவை மூடுவது அரசுப் பதில்களின் வழக்கம். கடமை என்ற சொல் பின்பாதியில்தான் இருக்கிறது என்பதை உங்கள் பேத்திக்குக் காட்டுங்கள்.

இந்தச் சண்டை அரசியல் நிர்ணய சபையிலேயே நடந்தது. நம் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி, ஆளாளுக்குத் தங்கள் ஆசைகளைக் கொட்டிவைத்த குப்பைத்தொட்டி இது என்ற பொருளில் கிண்டல் செய்தார். வங்கிக்கு வசதி வரும்போது பணம் தரப்படும் என்று எழுதிய காசோலை போன்றது என்றார் கே.டி. ஷா. இருவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகப்படுத்திப் பேசியபோது, இவற்றின் பின்னால் சட்ட பலம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். எந்தவிதக் கட்டுப்பாட்டு சக்தியும் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தார். ஆட்சிக்கு வருபவர் இவற்றை மீறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்காது, தேர்தல் நேரத்தில் வாக்காளரிடம் நிச்சயம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம்.

உங்கள் விஷயத்திலேயே இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியபோது அரசியலமைப்பே கிடையாது. அரசியலமைப்பு வந்து 47-ஆவது பிரிவும் இருந்தபோதுதான் 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974-ல் திரும்ப வந்தது, பிறகு போனது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. இத்தனையும் ஒரே பிரிவின் கண்ணெதிரில்தான் நடந்தது. இன்னொரு பக்கம், 2016 தேர்தலில் படிப்படியான மதுவிலக்கு பேச்சாகிப்போனதும், பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூடும் உத்தரவில் ஜெயலலிதா கையெழுத்திட்டார். காலை 10 மணிக்குத் திறந்த கடைகள் பகல் 12 மணிக்கு மாறின. 2017-ல் இன்னொரு 500, ஆட்சி மாறிய பிறகு 2023-ல் இன்னொரு 500 மூடப்பட்டன. எந்த நீதிமன்றமும் இந்த எண்ணிக்கைகளைச் சொல்லவில்லை. ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வந்தபோது பெண்கள் கேட்ட கேள்விதான் சொல்ல வைத்தது. அம்பேத்கர் கணக்கு பாதி பலித்திருக்கிறது என்பேன்.

ஒரு சின்ன விஷயம், ஆசிரியர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். மதுவிலக்கு மூல வரைவில் இல்லை. மகாவீர் தியாகி கொண்டுவந்த திருத்தத்தால்தான் அது உள்ளே வந்தது. சபையில் அதை எதிர்த்து எழுந்தவர் ஆதிவாசிகளின் பிரதிநிதி ஜெய்பால் சிங். எங்கள் மக்களின் வழிபாட்டிலேயே அரிசி மது இருக்கிறது, அதில் கை வைக்க நீங்கள் யார் என்று கேட்டார். எல்லாருக்கும் நல்லது என்று ஒரு சபை நினைப்பது எல்லாருக்கும் நல்லதாக இருந்துவிடாது. இந்த நெறிகளை நேரடியாக நீதிமன்றத்தின் கையில் கொடுக்காமல் சட்டமன்றத்தின் கையில் கொடுத்ததற்கு இதுவும் நியாயமான காரணம் என்றே எனக்குப் படுகிறது. 44-ஆவது பிரிவில் உள்ள பொது சிவில் சட்டத்தை ஒரு நீதிபதி தீர்ப்பெழுதிக் கொண்டுவந்துவிட்டால் நாடு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் நீதிமன்றத்தில் இந்த நெறிகளுக்கு வேலையே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. தொடக்கத்தில் இல்லை என்பதுதான் உண்மை. 1951-ல், சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைக்கு எதிரான செண்பகம் துரைராஜன் வழக்கில், நலிந்த பிரிவினரின் கல்வியை உயர்த்தச் சொல்லும் 46-ஆவது பிரிவை மாகாண அரசு காட்டியது. வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டே நடக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) சேர்ந்தது. தோற்றுப்போன வழிகாட்டு நெறி இரண்டே மாதத்தில் அரசியலமைப்பையே திருத்திக்கொண்டு திரும்பி வந்த கதை அது. பிறகு கேசவானந்த பாரதி (1973), மினர்வா மில்ஸ் (1980) வழக்குகளில் நீதிமன்றம் நிலை மாற்றிக்கொண்டது. மூன்றாம் பகுதியின் அடிப்படை உரிமைகளும் நான்காம் பகுதியின் நெறிகளும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்க வேண்டும் என்பதே இன்றுவரை சட்டம்.

நடைமுறையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உங்களுக்கு வடமேற்கில் இருக்கும் பாலாற்றுக்குப் போனால் போதும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் கலந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டது என்ற கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு எல்லாம் அதில் வந்தவை.

அந்தத் தீர்ப்பு எதன் மேல் நின்றது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். உயிர் வாழும் உரிமையான 21-ஆவது பிரிவு முன்னால். அதற்குத் துணையாக, பொது சுகாதாரம் பேசும் 47 (உங்களுடைய அதே பிரிவுதான், மதுவிலக்குக்கு முந்தைய வாக்கியம்), சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் 48அ, குடிமக்கள் கடமையான 51அ(எ). அவற்றோடு நீர் மாசுச் சட்டமும் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும். ஆணையத்தை அமைக்கச் சொன்னது அந்த 1986 சட்டத்தின்கீழ்தான். வழிகாட்டு நெறி மட்டும் தனியாக நின்றிருந்தால் அபராதமும் இல்லை, ஆணையமும் இல்லை. உரிமையும் சட்டமும் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

மதுக்கடையிலும் இதே கதைதான். தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் பாலுவுக்கும் நடந்த வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போனது. 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்பதையும், குடித்துவிட்டு ஓட்டுவதால் சாலையில் போகும் உயிர்களையும் சேர்த்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. நாங்களாகக் கொள்கை வகுக்கவில்லை, மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவந்த அறிவுரையைத்தான் நடைமுறைக்குக் கொண்டுவருகிறோம் என்று நீதிபதிகள் கவனமாக எழுதினார்கள். 2017 மார்ச் 31-ல், 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. உங்கள் கடை நெடுஞ்சாலைத் துறையின் மாநில நெடுஞ்சாலை ஓரத்திலா, ஊராட்சி ஒன்றியச் சாலையிலா என்று கடிதத்தில் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் பள்ளிக்கூடத்தை அளப்பதற்கு முன்பே வேறு ஒரு அளவு உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம்.

இனி பள்ளிக்கூட அளவு. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் 8-ஆவது விதி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற பகுதிகளில் 100 மீட்டர் தூரத்துக்குள் வழிபாட்டுத் தலமோ கல்வி நிலையமோ இருந்தால் கடை வைக்கக் கூடாது என்கிறது. நீங்கள் கிராம ஊராட்சி. ஆகவே 100 மீட்டர். இந்த விதிக்கு விலக்கும் உண்டு. நகரமைப்புத் துறை வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடத்துக்கு இந்தத் தூரம் பொருந்தாது. பள்ளி முந்தியதா கடை முந்தியதா என்ற கேள்வியையும் எதிர்த்தரப்பு கிளப்பும். உங்கள் அப்பா காலத்துப் பள்ளி என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. தொடங்கிய ஆண்டைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் இரண்டு பக்க மனுவில் இந்த விதி ஒரு இடத்திலும் இல்லை. காந்தி இருக்கிறார், வள்ளுவரின் கள்ளுண்ணாமை இருக்கிறது, 47-ஆவது பிரிவு தலைப்பிலேயே இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பதில் எழுத வேண்டிய உதவியாளர் தலைப்பைப் பார்த்தவுடன், எந்த வாசகத்தைப் போட்டு முடிக்கலாம் என்று தெரிந்துகொண்டுவிடுவார். அடுத்த மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடையின் சர்வே எண், திறந்த தேதி, பள்ளி தொடங்கிய ஆண்டு, இரண்டுக்கும் இடையிலான தூரம், 8-ஆவது விதி, ‘எனவே இந்த இடத்தில் கடை நடத்துவது விதிமீறல், கடையை அகற்ற வேண்டும்’ என்ற ஒரு கோரிக்கை. கடைசிப் பத்தியில், இந்த விதியே 47-ஆவது பிரிவின் நோக்கத்தை நிறைவேற்றத்தான் இருக்கிறது, அதைத் தளர்த்திப் படிக்கக் கூடாது என்று ஒரு வாக்கியம். வழிகாட்டு நெறிக்கு மனுவில் உரிய இடம் அதுதான். கலெக்டருக்கு ஒன்று, டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு ஒன்று, இரண்டையும் பட்டுவாடா ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

தூரம்தான் வழக்கின் உயிர். ‘நூறு மீட்டர்கூட இருக்காது’ என்ற கண்ணளவு நீதிமன்றத்தில் நிற்காது. கட்டடத்திலிருந்தா, காம்பவுண்டு வாசலிலிருந்தா, நேர்க்கோட்டிலா, நடந்துபோகும் பாதையிலா என்பதில்தான் இந்த வழக்குகளின் பாதிச் சண்டை. கடைக்கு அனுமதி தரும்போது வருவாய்த் துறை எப்படி அளந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, ‘மேற்படி கடைக்கான தல ஆய்வு அறிக்கை, அளவு வரைபடம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்’ என்று கேளுங்கள். ‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குத் தகவல் அலுவலர் பதில் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கூடவே உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து இரண்டு வழியிலும் அளந்து வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பேத்தியின் கேள்வி. அவள் கேட்டதில் ஒரு பாதி தவறான தகவல், அது அவள் தவறல்ல. நாம் அடிப்படைக் கடமையைச் செய்யாவிட்டால் அந்தப் பிரிவின்கீழ் யாரும் நம்மேல் வழக்குப் போட முடியாது. 51அ பிரிவில் தண்டனை என்று ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பிரிவு நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-ஆவது திருத்தத்தால் வந்தது. அதற்கு முன் ஸ்வரண் சிங் குழு எட்டுக் கடமைகளைப் பரிந்துரைத்து, மீறினால் தண்டிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் என்றும், வரி கட்டுவதும் கடமையாக வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் பத்துக் கடமைகளைச் சேர்த்தது. தண்டனையையும் வரியையும் விட்டுவிட்டது. ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்புத் தருவது பெற்றோர் கடமை என்ற பதினொன்றாவது, 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. ஓட்டுப் போடுவது இந்தப் பட்டியலில் இல்லை என்பது மேடைகளில் பேசுகிறவர்கள் பலருக்கே தெரிவதில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது பட்டியலில் இருக்கிறது. அதற்குத் தண்டனை இருந்திருந்தால் காலை நேரத் தொலைக்காட்சியில் ராசிபலன் சொல்ல ஆளிருக்காது.

ஆக, இரண்டும் ஒரே தளத்தில்தான் நிற்கின்றன. அரசின் நெறியும் சரி, குடிமக்களின் கடமையும் சரி, தனிச் சட்டமாக மாறும்போதுதான் கையில் பிடிக்கக் கிடைக்கின்றன. பொதுச் சொத்தைக் காப்பது 51அ-வின்படி கடமை, அவ்வளவுதான். அந்த டாஸ்மாக் கடையை உங்கள் ஊர் இளைஞர்கள் அடித்து நொறுக்கினால் வழக்கு 51அ-வில் வராது. 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் வரும். ஜாமீனுக்கு அலைய வேண்டியது அவர்கள், கடை அங்கேயே இருக்கும். பிறகு உங்கள் மனு எதுவானாலும் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்ற தலைப்பில் போலீஸ் ஃபைலுக்குள் போய்விடும். அவர்களைத் தடுத்து வைத்தது சரி.

கடமையைச் செய்தால்தான் உரிமை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அரசியலமைப்பில் அப்படி எங்கும் இல்லை. மூன்றாம் பகுதியின் உரிமை எதுவும் 51அ-வை நிபந்தனையாக வைக்கவில்லை. 1985-ல் கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்தை மதிப்பது முதல் கடமை. ஆனால் எழுந்து நின்றதிலேயே மதிப்பு இருக்கிறது, பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

அவள் கேள்வியின் இன்னொரு பாதிக்கு நேரடியான பதிலே இருக்கிறது. எய்ம்ஸ் மாணவர் சங்க வழக்கில், 2001-ல், உச்ச நீதிமன்றம் சொன்னது இது: 51அ வெளிப்படையாக அரசின் மேல் எந்தக் கடமையையும் சுமத்தவில்லைதான், ஆனால் ஒவ்வொரு குடிமகனின் கடமையும் சேர்ந்தால் அது அரசின் கூட்டுக் கடமை. இதற்கு முன்பே, 1988-ல், கங்கை மாசு வழக்கில் நீதிமன்றம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. இயற்கையைக் காப்பது குடிமக்களின் கடமை என்றால் அதை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது யார் என்று கேட்டு, பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரமாவது சுற்றுச்சூழல் பாடம் நடத்த மத்திய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. நீங்கள் பணியில் இருந்த காலத்தில் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் வந்து சேர்ந்ததை நேரில் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னணியில் குடிமக்களின் கடமை ஒன்றைக் காட்டி அரசை வேலை வாங்கிய அந்தத் தீர்ப்பும் உண்டு. பேத்தியிடம் இதைச் சொன்னால் போதும். நம்மிடம் கடமையைக் கேட்கும் அரசு, அதே கடமைக்குத் தானும் கட்டுப்பட்டதுதான்.

வழக்குக்குப் போகும் முன் உங்களுக்கு இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே, எந்த நான்காம் பகுதியைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினார்களோ, அதிலிருந்து பிறந்தவை.

கிராம ஊராட்சிகளுக்குத் தன்னாட்சி அதிகாரம் கொடு என்ற 40-ஆவது பிரிவு 1992 வரை வெறும் நெறி. 73-ஆவது திருத்தம் அதைச் சட்டமாக்கியது. இன்று உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. கடையை அகற்றக் கோரும் தீர்மானத்தை அங்கே கொண்டுவாருங்கள். தீர்மானம் மட்டுமே கடையைப் பூட்டிவிடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தனி மனிதரின் மனு என்று ஒதுக்க முடியாதபடி ஆக்கிவிடும். குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) கவனம்: 500-க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பெண்கள் நிறையப் பேர் வந்து, அவர்களே எழுந்து பேசினால் நல்லது. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கூட்டத்தை விட்டு எழுந்திருங்கள்.

பத்து ஆண்டுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது பழைய 45-ஆவது பிரிவு. நெறிகளிலேயே கெடு வைத்து எழுதப்பட்டது அது ஒன்றுதான். 1960 என்ற கெடு போனது. பொறுத்துப் பார்த்த உச்ச நீதிமன்றம் 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் அதைக் கையில் எடுத்தது. பிறகு கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 21அ பிரிவு, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்று 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் கொடுத்ததுதான் உங்கள் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிச் சூழல் கெடுகிறது என்று அவர்கள் போடும் தீர்மானம் கலெக்டர் மேசையில் உங்கள் மனுவைவிடக் கனமாக இருக்கும். தலைமையாசிரியர் பதவியில் இருப்பவர், தயங்குவார். நெருக்காதீர்கள், பெற்றோர் உறுப்பினர் ஒருவர் முன்மொழியட்டும்.

39அ பிரிவு இலவச சட்ட உதவி பேசுகிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதன் குழந்தை. விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள் மனுதாரராக இருந்தால் வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் கிடைப்பார். உங்கள் ஓய்வூதியத்தில் கை வைக்காமல், அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் இரண்டு தாய்மார்களை மனுதாரர்களாக வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போக இது வழி.

போகலாமா வேண்டாமா என்பதை அளவு வரைபடம் சொல்லும். 100 மீட்டருக்குள் வந்தால், புதிய மனுவுக்கு ஒரு மாதம் பார்த்துவிட்டு அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் முறையிட வழிசெய்யும் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். விதிமீறலை ரத்து செய்யக் கேட்கும் அந்த மனுவில் கொள்கை முடிவு என்ற பதிலுக்கு வேலையில்லை. நேர்க்கோட்டில் உள்ளே, நடைபாதையில் வெளியே என்று வந்தால் வாதிட இடமிருக்கிறது, ஜெயிப்பு நிச்சயமில்லை. இரண்டு வழியிலும் 100-ஐத் தாண்டி, சாலையும் நெடுஞ்சாலை இல்லையென்றால் வக்கீலுக்குச் செலவழிக்காதீர்கள். அப்போது கிராம சபையும் சட்டமன்ற உறுப்பினரும்தான் வழி. அந்தத் தீர்மான நகலோடு, ஐம்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போங்கள். தேர்தல் நெருங்குகிற ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது.